நானூற்றுப் பதின்மூன்றாவது பாகம்

திரையின் கீழ் ஓரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நானூற்றுப் பதின்மூன்று இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் பதினோரு வருடமாக இந்த எண்களோடு குடித்தனம் நடத்துகிறவள். கைப்பேசியை எங்கே வைத்தோம் என்பதை ஒரு நாளைக்கு நாலு தரம் மறப்பாளே தவிர, வெள்ளிக்கிழமை மாலை தான் சேமித்துவிட்டுப் போன காட்சியில் எத்தனை பாகம் இருந்தது என்பதை மறக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி. மூன்றாம் மாடியில் இருபத்தாறு மேசைகள், இருபத்தைந்தில் ஆள் இல்லை. விடுமுறை நாளில் ஏசி போட மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்று வாட்ச்மேன் கீழேயே கைவிரித்துவிட்டதால், இரண்டு நாளாக மூடிக்கிடந்த தரைவிரிப்பின் தூசி வாடையும் யாரோ மேசைக்குள் மறந்து வைத்துவிட்டுப் போன பழத்தின் புளித்த வாடையும் கலந்து அறை முழுவதும் கனமாகத் தேங்கியிருந்தன. ஜன்னல் திரைகளின் இடுக்கு வழியாக வந்த வெயில் மேசைகளின் மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. காலடியில் கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

சொல்லப்போனால் அவளுடைய வேலையே மறைப்பதுதான். அந்த அலுவலகத்தில் பெயிண்ட் ஓவன்கள் வரைகிறார்கள். வண்ணம் அடித்த பேருந்துக் கூடு ஈரத்தோடு அப்படியே உருண்டு உள்ளே போகும், கதவு மூடும், சூடான காற்று சுற்றிச் சுற்றி வந்து வண்ணத்தைச் சுட்டு இறுக்கும். ஒரு சின்ன வீடு அளவு இருக்கும் அந்த ஓவனை, கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் தனித்தனிப் பாகமாக வரைந்து சேர்த்தால் முப்பத்தெட்டாயிரம் பாகத்துக்கு மேல் வரும். அத்தனையையும் ஒன்றாகத் திறக்க நாற்பது நிமிடம் ஆகும், பாதியில் மிஷின் படுத்துக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால் அவள் சுருக்கக் காட்சிகள் செய்வாள். நட்டு போல்ட்டை மறைப்பாள், மோட்டாரை எடுத்துவிட்டு அதே அளவில் ஒரு கட்டையை வைப்பாள், உள்ளே ஆயிரம் வளைவு உள்ள காற்று டக்டுக்குப் பதிலாக வெறும் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் ஓவன் ஓவனாகவே இருக்கும், அரை நிமிடத்தில் திறக்கும். அலுவலகத்துப் பொடிசுகள் அவளுக்கு வைத்த பெயர் மறைப்பு அக்கா.

அந்தப் பொடிசுகள் சேருகிற அன்றைக்கே அவள் ஒன்றைக் கண்டித்துச் சொல்லிவிடுவாள். "சுருக்கக் காட்சியில மோதல் சோதனை மட்டும் பண்ணாதீங்க. இல்லாத பொருள் எதுலயும் இடிக்காது." ஒரு பாகம் இன்னொன்றில் இடிக்கிறதா என்று கம்ப்யூட்டரே தேடிச் சொல்லும் சோதனை அது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும்தான் அது தேடும், மறைத்ததை அது கண்டுகொள்ளாது.

இன்றைக்கு வந்ததும் ஒரு சுருக்கக் காட்சிக்காகத்தான். வாடிக்கையாளர் தன் கையடக்கத் திரையில் பார்க்க லேசான கோப்பு ஒன்று, நாளை காலைக்குள். அரை மணி நேர வேலை என்று வந்தவள், இப்போது அந்தப் பதின்மூன்றாவதைத் தேடிப் பட்டியலில் இறங்கிப் போனாள். கடைசி வரியில் இருந்தது மாமா.

அவர் ஒரு பொம்மை. ஆயிரத்து எழுநூற்றைம்பது மில்லிமீட்டர் உயரம், சாம்பல் நிறம், மூக்கு இருக்கும் இடத்தில் ஒரு மேடு, கண்ணும் வாயும் கிடையாது. கதவு ஆள் உயரத்துக்குச் சரியாக வருகிறதா, கைப்பிடி கைக்கு எட்டுகிறதா என்று பார்க்க எந்தக் காலத்திலோ யாரோ செய்து வைத்தது. எல்லா டிராயிங்கிலும் வேலை வெட்டி இல்லாமல் ஓர் ஓரமாக நிற்பதால் மாமா என்று பெயர் நின்றுவிட்டது. கிரேன்காரருக்குச் சொல்லும் மொத்த எடையில் இந்த ஆளும் சேர்ந்துவிடக் கூடாதென்று, மாமாவின் எடையைப் பூஜ்யம் என்று போட்டு வைத்தவளே அவள்தான். சுருக்கக் காட்சி செய்யும்போது முதலில் மறைக்கப்படுவதும் மாமாதான்.

இப்போது ஓவனின் முன்கதவுக்கு வெளியே, கைகளைத் தொங்கவிட்டபடி எப்போதும் போல நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு இங்க என்ன வேலை," என்றாள் அவள் சத்தமாகவே. தனியாக இருக்கும்போது திரையோடு பேசுகிற பழக்கம் அந்த மாடியில் எல்லோருக்கும் உண்டு. மாமாவைத் தேர்ந்தெடுத்து மறை என்பதை அழுத்தினாள். எண் நானூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தது. சேமித்து மூடிவிட்டு, தண்ணீர் பிடித்து வந்து உட்கார்ந்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று இன்னொரு தரம் திறந்து பார்த்தாள்.

நானூற்றுப் பதின்மூன்று.

கதவுக்கு வெளியே மாமா இல்லை. ஓவனைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள், மேலிருந்து பார்த்தாள், கீழிருந்து பார்த்தாள். பிறகு பக்கச் சுவரைக் குறுக்கே வெட்டி உள்ளே பார்த்தாள். பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு வெறும் சுவர், வெறும் தரை, டக்டுக்குப் பதிலாக அவள் வைத்த பெட்டி. கடைசிக் கோடியில், பெட்டிக்கும் பின்சுவருக்கும் நடுவே இருக்கிற ஒடுங்கின சந்தில், முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நின்றிருந்தார். வலது கை தலைக்கு மேலே தூக்கி, விரல்கள் சுவரைத் தொட்டிருந்தன. எட்டாததை எட்டுகிறவர்கள் செய்வது போலக் குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பியிருந்தன.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மாமாவின் ஒரு கையை உயர்த்த வேண்டுமென்றால் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியாகக் கோணம் தட்டச்சு செய்ய வேண்டும். அரை நாள் வேலை. யாருக்கும் அந்தப் பொறுமை இருந்ததில்லை, பிறந்த நாளிலிருந்து மாமா விறைப்பாகத்தான் நின்றிருக்கிறார். எவனோ உட்கார்ந்து விளையாடியிருக்கிறான் என்று நினைத்து, பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டாள். தலையை மழித்தே வைத்திருப்பதால் அவனுக்கு மொட்டை என்று பெயர்.

"என்னக்கா, லீவு நாள்ல என் ஞாபகம் வந்திருக்கு?"

"நீ இப்ப சர்வர்ல இருக்கியா?"

"பல் டாக்டர் வாசல்ல இருக்கேன். கன்னம் வீங்கி ஒரு பக்கமா பேசிட்டு இருக்கேன், தெரியல?"

"மாமாவ யாரோ நகத்தியிருக்காங்க. கையத் தூக்கி, குதிகால எம்பி நிக்க வெச்சிருக்காங்க."

"பரவால்லயே. இத்தன வருஷத்துக்கு அப்புறம் மாமாவுக்கு ஒரு வேலை கெடச்சிருக்கு."

"விளையாடாத. நான் மறைச்சேன், மறுபடி வந்து நிக்கறார்."

"அக்கா, அந்தக் காட்சிய உங்க லாகின்ல மட்டும்தான் மாத்த முடியும். பொடிசுங்க கை வெக்கக் கூடாதுன்னு நீங்களே சண்ட போட்டு வாங்கின பூட்டு அது." அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வெள்ளிக்கிழமை களைப்புல ஏதாவது தட்டியிருப்பீங்க. மறைச்சுட்டு வீட்டுக்குப் போங்க. நான் உள்ள போறேன், பல்லப் புடுங்கப் போறான்."

கடைசியாக மாற்றியவர் யார் என்று பார்த்தாள். அவளுடைய லாகின். நேரம் பதினொன்று ஐம்பத்து நாலு. திரை மூலையில் கடிகாரமும் பதினொன்று ஐம்பத்து நாலு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் ஐம்பத்தைந்து ஆனது, கூடவே இதுவும் ஐம்பத்தைந்து ஆனது. அவள் கை விசைப்பலகையில் இல்லை, மடியில் இருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. மாமாவைப் பார்த்து அல்ல. வேறு எந்த ஓவனாக இருந்தாலும் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள். இது அந்த ஓவன்.

மூன்று மாதத்துக்கு முன்னால், இதே மேசையில், இதே ஓவனுக்கு மோதல் சோதனை பண்ணி அறிக்கை கொடுக்க வேண்டிய கடைசி நாள். முழு ஓவனைத் திறக்க மூன்று தரம் முயன்றாள், மூன்று தரமும் மிஷின் முப்பதாவது நிமிடத்தில் செத்தது. மேனேஜர் பின்னாலேயே வந்து நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது தரம் அவள் சுருக்கக் காட்சியைத் திறந்தாள். கதவின் உள்பக்கச் சாமான்கள் எல்லாம் மறைத்திருந்த காட்சி, டக்டுக்குப் பதில் பெட்டி இருந்த காட்சி. சோதனையை ஓட்டினாள். மோதல் பூஜ்யம் என்று வந்தது. பூஜ்யம் என்றே கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை முழுசாகத் திறந்து பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தாள், சத்தியமாக. அந்தத் திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. பிறகு பாகங்கள் வெட்டப்பட்டு, வண்டி ஏறி, எட்டு மணி நேரம் தள்ளியிருக்கிற ஊரில் ஓவன் எழும்பத் தொடங்கிவிட்டது. இத்தனை நாளில் ஒன்றும் தகவல் இல்லையென்றால் ஒன்றும் இடிக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் அங்கே ஓவனைப் பூட்டிச் சேர்க்கிற ஆட்களில் ஒருவன் அவளுடைய தம்பி. இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள், அவ்வளவுதான் குடும்பம்.

தம்பியைக் கூப்பிட்டாள். ஏழாவது மணியில் எடுத்தான். அவன் குரல் தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தது.

"சொல்லுக்கா. சீக்கிரம் சொல்லு, சிக்னல் வந்து வந்து போகுது."

"எங்கடா இருக்க?"

"ஓவனுக்குள்ளதான். ரெண்டு மணிக்கு மொத மொத சூடு ஏத்தப் போறாங்க. அதுக்கு பின்சுவத்துல சென்சார் ஒட்டிட்டு இருக்கேன். கையத் தூக்கித் தூக்கித் தோள் கழண்டு போச்சு. யாரு வரஞ்சா இந்தச் சந்த? ஹெல்மெட்டோட தலையே நுழையல. கழட்டி வெளிய மாட்டிட்டு வந்துட்டேன்."

அவள் திரையைப் பார்த்தாள். தூக்கின கை. எம்பின குதிகால்.

"அக்கா? இருக்கியா?"

"ஹெல்மெட்டப் போடுடா."

"சரி சரி. நேத்து சைட் டாக்டர் எடை பாத்தார், தெரியுமா. அறுபத்தெட்டு புள்ளி நாலு. சேரும்போது எழுபத்திமூணு. இந்த கேன்டீன் சாப்பாட்டுக்கு நான் இருக்கறதே பெருசு."

"டேய், உள்பக்கம் கதவுல ஒரு தள்ளுகம்பி இருக்கும். மாட்டிக்கிட்டா அமுக்கித் தள்ளித் திறக்கறது. அத யாராவது அமுக்கிப் பாத்தாங்களா?"

"கதவ மூடினாத்தான பாக்கறதுக்கு. தொறந்தேதான கெடக்கு." அவன் நிறுத்தினான். "ஏன் கேக்கற? ஏதாவது பிரச்சினையா?"

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது. கூடவே மேனேஜர் முகம் வந்தது, அறிக்கையில் இருந்த கையெழுத்து வந்தது, அக்கா போட்ட கையெழுத்தால் தம்பி வேலையும் சேர்ந்து போகும் என்கிற நினைப்பு வந்தது. முதலில் நாமே ஒரு தரம் சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம், ரெண்டு மணிக்குத்தானே.

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்," என்றாள்.

"இன்னும் ரெண்டுதான் பாக்கி. முடிச்சிட்டுச் சாப்டுட்டுக் கூப்பிடறேன்," என்று அவன் வைத்துவிட்டான்.

மணி பன்னிரண்டு பதினேழு. அவள் சுருக்கக் காட்சியை மூடினாள். முழு ஓவனையும் திறக்கச் சொன்னாள், முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் பாகங்களையும். நாற்பது நிமிடம். ஒரு மணிக்குள் தெரிந்துவிடும், ரெண்டு மணிக்குள் சொல்லிவிடலாம், நேரம் தாராளமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டாள்.

விசிறியின் இரைச்சல் ஏறியது. காலடியிலிருந்து சூடான காற்று முழங்காலில் அடித்தது, பிளாஸ்டிக்கும் தூசியும் சுடுகிற வாசனை வந்தது. திரை வெறும் சாம்பலாக இருந்தது. எப்போதும் முதலில் அடித்தளத்து இரும்புச் சட்டங்கள்தான் வரும், பிறகு தரைத் தகடு, பிறகு சுவர். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டங்களுக்காகக் காத்திருந்தாள்.

முதலில் வந்தது மாமா.

ஒன்றுமில்லாத சாம்பலுக்கு நடுவில், தரையில்லாமல் சுவரில்லாமல் தனியாக நின்றிருந்தார். தூக்கின கை இறங்கியிருந்தது. உடம்பு பாதி திரும்பி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஏதோ சத்தம் கேட்டுக் காதைக் கொடுக்கிற ஒருவருடைய நிற்பு அது. மணி பன்னிரண்டரை.

பழைய படம் நினைவகத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான், என்று அவள் சொல்லிக்கொண்டாள். அப்படி நடப்பதுண்டு. திரை ஒரு தரம் வெட்டி மீண்டும் வரைந்தது. பத்து சதவீதம். சட்டங்கள் வந்தன. மாமா முழுசாகத் திரும்பியிருந்தார். இன்னொரு வெட்டு. தரை வந்தது. மாமா அதன் மேல் மூன்றடி முன்னால் வந்திருந்தார், ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே.

தம்பியைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது குரல். சாப்பிடப் போயிருப்பான். கேன்டீனில் சிக்னல் இருக்காது. மறுபடி கூப்பிட்டாள். அதே குரல்.

நாற்பது சதவீதம். சுவர்கள் வந்தன, நூற்றைம்பது மில்லிமீட்டர் கனத்துக்கு உள்ளே பஞ்சு அடைத்த சுவர்கள், சூடு வெளியே போகாது, சத்தமும் போகாது. மாமா ஓவனின் பாதியில் ஓடிக்கொண்டிருந்தார். ஓடுகிற காலோடு உறைந்திருந்தார். விசிறி இப்போது முழு மூச்சில் ஊளையிட்டது. அறையில் புது வாசனை ஒன்று கலந்திருந்தது, அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த வாசனை, தொழிற்சாலைக்குப் போகும் நாட்களில் சேலையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வருகிற வாசனை. புதுத் தகடு முதன்முதலாகச் சூடாகும்போது அதன் மேல் பூசியிருக்கிற எண்ணெய் தீய்கிற வாசனை.

எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனாள். பாதியிலேயே திரும்ப உட்கார்ந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுத்தால் அடுத்த வெட்டைத் தவறவிட்டுவிடுவோம் என்று பயமாக இருந்தது, பார்க்கவும் பயமாக இருந்தது.

அறுபது சதவீதம். கதவு வந்தது, உள்பக்கத் தள்ளுகம்பியோடு. மாமா அதனிடம் வந்துவிட்டார்.

தம்பியைக் கூப்பிட்டாள். எல்லைக்கு வெளியே.

எழுபத்தைந்து. இரண்டு உள்ளங்கையும் கம்பியின் மேல்.

எல்லைக்கு வெளியே.

தொண்ணூறு. முழங்கால் மடங்கி, தோள் கதவில் சாய்ந்து. முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளுகிறவருடைய முதுகு.

நூறு.

பன்னிரண்டு ஐம்பத்தேழு. மோதல் சோதனையை ஓட்டினாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஓட்டியிருக்க வேண்டியது, மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஒரே ஒரு வரி வந்தது. தள்ளுகம்பி, டக்டைக் கதவோரத்தில் தாங்கும் பிராக்கெட். முப்பது மில்லிமீட்டர் இடிக்கிறது.

கதவு திறக்கக் கம்பி நாற்பது மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். பத்து போகும். பிறகு பிராக்கெட்டில் முட்டி நின்றுவிடும்.

அந்த வரியின் கீழே பட்டியலில் மாமா இருந்தார். எடைக் கட்டத்தில் அவள் போட்ட பூஜ்யம் இல்லை. அறுபத்தேழு புள்ளி ஆறு என்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அறுபத்தேழு புள்ளி ஐந்து.

ஓவன் எழும்புகிற இடத்துச் சூப்பர்வைசரை அழைத்தாள். உடனே எடுத்தார்.

"சார், ஓவனத் திறங்க."

"யாரு, டிராயிங் ஆபீஸா? ரன் ஓடிட்டு இருக்கும்மா. நூத்திப் பத்து டிகிரி வந்தாச்சு, ரொம்ப அழகா ஏறுது."

"ரெண்டு மணிக்குன்னு சொன்னாங்களே."

"கஸ்டமர் ஆளு ஊருக்குப் போகணும்னார். பன்னண்டரைக்கே போட்டாச்சு."

"என் தம்பி எங்க?"

"இங்கதான் இருப்பான். எல்லாரும் வெளிய வந்தாச்சும்மா, நானே எண்ணிட்டுத்தான் கதவ மூடினேன்."

"ஆள எண்ணினீங்களா?"

போனில் ஓவனின் காற்றூதும் புளோயர் இரைந்தது. காலடியில் மிஷின் இரைந்தது. இரண்டும் ஒரே சுருதியில் இருந்தன.

"ஹெல்மெட்ட எண்ணினேன்," என்றார். "அஞ்சு பேரு. வெளிய ஆணியில அஞ்சு ஹெல்மெட் இருந்துச்சு."

"உள்ள இருக்கான் சார். கம்பிய அமுக்கினாலும் கதவு திறக்காது. பிராக்கெட் இடிக்குது. நான்தான் சரியாப் பாக்கல சார். சுருக்கக் காட்சியிலயே பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். மூணு மாசமா எனக்குத் தெரியும் சார்."

அவர் கேட்கவில்லை. ஓடுகிற சத்தம். யாரையோ கத்திக் கூப்பிடுகிற சத்தம். உள்ளே அவசர மணி இல்லையா என்று ஒருவர் கேட்க, வயர் இழுக்கிற ஆள் நாளைக்குத்தான் வருகிறார் என்று இன்னொருவர் சொன்னது. புளோயர் நின்றது. அவள் மிஷின் நிற்கவில்லை.

"தட்டறான்," என்றது சூப்பர்வைசரின் குரல், யாருடைய குரல் போலவோ. "ஐயோ, தட்டறாம்மா."

"திறங்க சார்."

"பூட்டு விட மாட்டேங்குது. அறுபதுக்கு எறங்கணும். கட்டர் எடுக்க ஸ்டோருக்கு ஓடியிருக்காங்க. சாவி யாருகிட்டனு தெரியல."

அவளுக்குத் தெரியும். சூடு அறுபது டிகிரிக்கு இறங்கும் வரை கதவை விடாத பூட்டு. வெளியே இருக்கிறவர்கள் மேல் அனல் அடிக்கக் கூடாதென்று வைத்தது. மின்சாரம் போனாலும் பிடித்துக்கொள்ளும், உள்ளேயிருந்து கம்பியைத் தள்ளினால் மட்டும்தான் விடும். அவள் வரைந்தது. நூற்றுப் பத்திலிருந்து அறுபதுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டதும் அவள்தான்.

நாற்பது நிமிடம்.

போனை மேசைமேல் வைத்தாள். ஸ்பீக்கர். தட்டுகிற சத்தம் அவளுக்கும் கேட்டது. நிதானமாக, இரண்டு இரண்டாக.

அறுபத்தேழு புள்ளி நாலு.

"டேய்," என்றாள் திரையைப் பார்த்து. "வந்துடுவாங்கடா. கீழ உக்காரு. தரை கொஞ்சம் சூடு கம்மியா இருக்கும்."

இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு.

திரை வெட்டியது. மாமா மண்டியிட்டிருந்தார். கைகள் மட்டும் மேலே, கம்பியில்.

"அக்கா இங்கதான் இருக்கேன். பாத்துட்டுதான் இருக்கேன்."

அறுபத்தேழு புள்ளி மூன்று.

ஒரு தட்டு.

வெட்டு. மாமாவின் தலை மெல்ல இவள் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணில்லாத, வாயில்லாத முகம். மூக்கு மேட்டுக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்தது. மூடியது. மறுபடி விழுந்தது. மூச்சு. காற்றுக்கு.

அவளால் முடியவில்லை. பார்க்க முடியவில்லை. பதினோரு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போனது. மறை.

கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்தது. கூரை போனது. சுவர்கள் போயின. டக்ட், பிராக்கெட், தரை, சட்டம். கதவு. நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு வந்த முப்பத்தெட்டாயிரம் பாகமும் ஒரே நொடியில் போயின. விசிறி சட்டென்று அடங்கியது. கீழ் ஓரத்தில் எண் ஒன்று என்று இருந்தது.

வெறும் சாம்பலின் நடுவே மாமா மட்டும் மண்டியிட்டிருந்தார். இரண்டு கைகளும் விரல் விரித்து, உள்ளங்கை தட்டையாக, கதவு இருந்த இடத்தில் பதிந்திருந்தன. அங்கே இப்போது எதுவும் இல்லை. அந்த எதுவுமில்லாததைத் தள்ளினார். பத்து மில்லிமீட்டர் முன்னால். நின்றது. பின்னால். பத்து மில்லிமீட்டர் முன்னால். நின்றது.

அறுபத்தேழு புள்ளி ஒன்று.

"இப்ப தட்டலம்மா," என்றார் சூப்பர்வைசர் போனில்.

திரையில் கைகள் தள்ளிக்கொண்டேயிருந்தன.